பிள்ளைகளின் வெளிநாட்டுக் கோடைச் சேவைப் பயணம்: திட்டம் தேடுவதிலிருந்து திரும்பி வரும் வரை

11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து, கோடை விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் வேறொரு நாட்டுக்கு அழைத்துப் போகும் திட்டங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு குழுவில் 10 முதல் 15 பிள்ளைகள் இருப்பார்கள். கூடவே இரண்டு மூன்று பொறுப்பாளர்கள் போவார்கள். காலையில் சில மணி நேரம் ஊர்ப்பணி: பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, தோட்டத்துக்குப் பாத்தி கட்டுவது, கடற்கரையைச் சுத்தம் செய்வது என்று ஏதாவது ஒன்று. மீதி நேரத்தில் அந்த நாட்டு மொழி, சமையல், இசை, சந்தை, பழைய ஊர்கள் என்று பார்த்தும் பழகியும் கற்றுக்கொள்வார்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து நாளில் செய்யக்கூடிய வேலை கொஞ்சம்தான். அந்த ஊர்த் தொழிலாளி ஒருவர் அதை இரண்டே நாளில், இன்னும் நேர்த்தியாக முடித்துவிடுவார். ஆகவே ‘ஏழைகளுக்கு உதவப் போகிறாய்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். அங்குள்ளவர்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலையில் கொஞ்ச நாள் கைகொடுத்து, அவர்களிடம் கற்றுக்கொண்டு வரப் போகிறாய் என்று சொல்லுங்கள். எந்தத் திட்டத்தில் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில், பிள்ளை தயாரா?

வயதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வீட்டை விட்டுத் தொடர்ந்து மூன்று நான்கு இரவு தங்கியிருக்கிறாளா? உடம்புக்கு முடியவில்லை என்றால் பழக்கமில்லாத பெரியவரிடம் வாய் திறந்து சொல்வாளா? தன் துணியைத் தானே துவைப்பாளா? பழகாத சாப்பாட்டை இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்ப்பாளா? தினமும் மருந்து எடுப்பவள் என்றால் நினைவூட்டாமலே எடுப்பாளா? இதில் இரண்டு மூன்றுக்கு ‘இல்லை’ என்றால் பயிற்சி கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. எல்லாமே ‘இல்லை’ என்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

இன்னொன்று, போக ஆசைப்படுவது யார்? பெற்றோருக்கு மட்டும் ஆசை இருந்து, பிள்ளை தலையாட்டி மட்டும் வைத்திருந்தால் நான்காவது நாளே தெரிந்துவிடும். இரண்டு மூன்று திட்டங்களின் விவரத்தைப் பிள்ளையிடமே கொடுத்து, எது பிடித்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். தானே தேர்ந்தெடுத்த பயணம் என்றால் வீட்டு ஏக்கத்தைத் தாங்குவது எளிதாகிறது.

ஊர்ப்பணி இல்லாத திட்டங்களும் இருக்கின்றன. சிஐஎஸ்வி என்ற அமைப்பு அமெரிக்க உளவியலாளர் டோரிஸ் ஆலனின் யோசனையில் உருவானது. அதன் முதல் முகாம் 1951-ல் சின்சினாட்டியில் நடந்தது. அதன் ‘கிராம’ முகாமுக்கு 11 வயதுப் பிள்ளைகள் போகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், அவர்களோடு ஒரு பெரியவர். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் விளையாடி, பேசி, சண்டை போட்டு, சமாதானம் ஆகிறார்கள். முதன்முறை வெளிநாடு போகும் சிறு பிள்ளைக்குப் பல நேரங்களில் சேவைத் திட்டத்தைவிட இது பொருத்தம்.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

பயணத்துக்குப் பத்து மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். நல்ல திட்டங்கள் ஆறேழு மாதத்துக்கு முன்பே நிரம்பிவிடும். கடைசி நேரத்தில் இடம் இருப்பவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால், கீழே உள்ள கேள்விகளைக் கேட்கவே மனம் வராது.

ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: இந்த வேலையைக் கேட்டது யார்? ‘பள்ளித் தலைமையாசிரியரும் பெற்றோர் குழுவும் கேட்டார்கள். போன வருடக் குழு இதுவரை முடித்தது, நாங்கள் இதிலிருந்து தொடர்கிறோம்’ என்று பதில் வந்தால் நல்லது. ‘பிள்ளைகளுக்கு அருமையான அனுபவமாக இருக்கும்’ என்று பட்டும் படாமலும் பதில் வந்தால், அந்த வேலை பிள்ளைகளுக்காக உண்டாக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். அடுத்த கேள்வி: குழு கிளம்பிப் போன மறுவாரம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வது யார்? நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் நட்டும் பயனில்லை.

சுவருக்கு வண்ணம் அடிப்பதையே எடுத்துக்கொள்வோம். மிக எளிய வேலை என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு தூரிகைகள், ஒரு சுவர் என்று நிறுத்தினால் எட்டுப் பேர் சும்மா நிற்பார்கள், பத்தாவது நிமிடம் விளையாட்டு தொடங்கிவிடும். நல்ல பொறுப்பாளர் நான்கு பேராகப் பிரிப்பார். முதல் அணி தூசியைத் துடைத்து ஓட்டைகளை அடைக்கும். அடுத்த அணி முன்பூச்சு அடிக்கும். மூன்றாவது அணி தோட்டத்தில் இருக்கும். மறுநாள் இடம் மாறும். சுவரில் ஈரம் ஊறியிருந்தால் அதன்மேல் எத்தனை பூச்சு அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்து விழும். கசிவை அடைத்த பிறகுதான் பூச வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த உள்ளூர் ஆள் கூலிக்கு இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டடம் பழையதென்றால் பழைய வண்ணத்தைச் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது எழும் தூசி, வளரும் மூளைக்குக் கேடு. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈய வண்ணம் 1978-லேயே தடை செய்யப்பட்டது. உலகின் எல்லா இடங்களிலும் அப்படியொரு தடை அப்போதே வந்துவிடவில்லை.

இந்த வயதுக்கு ஆகாத வேலைகள் இன்னும் உண்டு. ஈரச் சிமெண்ட் கடும் காரத்தன்மை கொண்டது. கையுறைக்குள்ளோ காலணிக்குள்ளோ புகுந்தால் உடனே வலிக்காது. மாலையில் பார்த்தால் தோல் வெந்திருக்கும். மின்கருவிகள், ஏணிக்கு மேலான உயரம், கூரை வேலை, ஆழமான குழி இவற்றுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் போகக் கூடாது. மண் அள்ளுவது, விதை போடுவது, நூலகப் புத்தகங்களை அடுக்குவது, மணல் சலிப்பது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட்டுத் திடலைச் சீர்செய்வது ஆகியவை பொருந்தும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், அதிகம் போனால் நான்கு. அதற்கு மேல் போனால் களைப்பில்தான் காயம் படும்.

கடலாமைத் திட்டங்களில் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். கோஸ்டா ரிகாவின் டோர்ட்டுகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை முட்டையிட வருகின்றன. இரவு ரோந்தில் வெள்ளை வெளிச்சம் கூடாது, ஃபிளாஷ் கூடாது, பேச்சுக் குரலும் கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டு மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ‘ஆமைக் குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யும் இடம் பாதுகாப்பு இடம் அல்ல.

அடுத்து சொல்லப் போவதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். அனாதை இல்லங்களுக்குப் போய்க் குழந்தைகளோடு ‘நேரம் செலவிடும்’ திட்டங்களில் சேர்க்காதீர்கள். உலகம் முழுவதும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பயணிகளின் பணம் வருவதால் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லங்களில் வைக்கும் வணிகமே சில நாடுகளில் வளர்ந்திருக்கிறது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபை தன் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இதைக் கவலையோடு குறிப்பிட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு அதற்கு முன்பே இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து ஆராய்ந்தது. வணிகம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு வாரம் ஒட்டிப் பழகிவிட்டுக் காணாமல் போகும் புது முகங்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருந்தால் அந்தக் குழந்தைகளின் மனம் என்ன பாடுபடும்!

பாதுகாப்பு பற்றிய கேள்விகள்

இங்கே எண்ணிக்கையோடு பதில் வர வேண்டும். ‘கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது பதில் ஆகாது.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? ஐந்து அல்லது ஆறுக்கு ஒருவர் இருப்பது நல்லது. எந்தக் குழுவிலும் குறைந்தது இருவர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் ஒரு பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போனால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் தேவை. பொறுப்பாளர்களின் வயது என்ன? இருபது வயதுக் கல்லூரி மாணவர்கள் மட்டும் என்றால் யோசியுங்கள். முதலுதவிச் சான்று எத்தனை மணி நேரப் பயிற்சிக்கானது? தொலைவிடங்களுக்கான அடிப்படைப் பயிற்சி 16 மணி நேரம். முழுப் பயிற்சி 70, 80 மணி நேரம். மருத்துவமனை தொலைவில் இருந்தால் ஒருவருக்காவது முழுப் பயிற்சி வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல், மழை நாளில் அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? பொறுப்பாளர்களின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? வீடுகளில் தங்க வைப்பதென்றால் அந்த வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் அந்தச் சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும், குடும்பத் தலைவருக்கு மட்டும் போதாது. ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து போக வேண்டும். தனித்தனிப் படுக்கை, உள்ளிருந்து தாழிடும் குளியலறை, இரவில் பொறுப்பாளரைக் கூப்பிட ஒரு வழி இவையும் அவசியம்.

போக்குவரத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பெற்றோர் பாம்பையும் நோயையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. வண்டியில் எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டா, ஊர் விட்டு ஊர் இரவில் ஓட்டுவார்களா என்று கேளுங்கள். நீச்சலுக்கும் இதே கவனம் வேண்டும். கடலிலோ ஆற்றிலோ இறங்க அனுமதி உண்டென்றால் கரையில் நின்று பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து நீந்துவது கண்காணிப்பு ஆகாது.

கடந்த வருடம் போன இரண்டு குடும்பங்களோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்றுதான் வரும். ‘ஏதாவது தவறு நடந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?’ என்று கேளுங்கள்.

காகித வேலை: ஆறு மாதம் முன்பே

பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த ஆயுள், பெரும்பாலும் ஐந்தே வருடம். எடுத்துப் பார்த்தால்தான் காலாவதி தெரியும். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்தும்.

டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். செல்லப் பெயரையோ பள்ளிப் பதிவேட்டுப் பெயரையோ கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் தவிப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே குழுவுக்குச் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் குழுவை மட்டும் நம்ப வேண்டாம். குழுவில் பலர் ஒரு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்க, உங்கள் பிள்ளையுடையது வேறு நாட்டினுடையதாக இருக்கலாம். ‘விசா தேவையில்லை’ என்று அவர்கள் சொல்வது மற்றவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. இடையில் விமானம் மாறும் நாட்டையும் பாருங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாற மட்டுமே போனாலும் விசாவோ, விசா விலக்கு உள்ளவர்களுக்கு எஸ்டா என்ற இணைய முன் அனுமதியோ வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 12 வயது நிறைந்தவர் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். கோடையில் அந்த முன்பதிவு கிடைப்பதுதான் கடினம்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், போகும் நாடுகளும் இடைநிறுத்தங்களும், தேதிகள், பொறுப்பாளர்களின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், இரு பெற்றோரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். நோட்டரி முன்னிலையில் கையெழுத்திடுங்கள். சில நாடுகள் 1961 ஹேக் உடன்படிக்கைப்படி, ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும், தங்கள் மொழியில் மொழிபெயர்ப்பும் கேட்கும். கடைசி வாரத்தில் பொறுப்பாளர் மாறுவது அடிக்கடி நடக்கும். அதனால் மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொறுப்பில் இருந்தால் நீதிமன்ற ஆணை அல்லது இறப்புச் சான்றின் நகலையும், பெற்றோரின் பெயர் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் தெரியவில்லை என்றால் பிறப்புச் சான்றின் நகலையும் இணையுங்கள். மருத்துவச் சிகிச்சைக்கான அனுமதிக் கடிதத்தைத் தனியாக எழுதுங்கள். அது இல்லாமல் அவசரமற்ற சிகிச்சையைப் பல மருத்துவமனைகள் தொடங்காது.

பணம் பற்றி ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: விமானக் கட்டணம் சேர்த்தியா, எந்தத் தேதிக்குப் பிறகு எவ்வளவு திரும்ப வராது, நடத்துபவர்களே ரத்து செய்தால் முழுதும் திரும்புமா. காப்பீட்டில் மருத்துவச் செலவோடு, நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டு போகும் செலவும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா போன்றவற்றை விலக்கியிருக்கிறார்களா என்று பொடி எழுத்தைப் படியுங்கள்.

மருத்துவரிடம்: எட்டு வாரம் முன்பு

குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும், ஏனென்றால் சில தடுப்பூசிகள் இடைவெளி விட்டுப் போடப்படுபவை. வழக்கமான தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். தட்டம்மையும் டெட்டனஸும் விட்டுப்போயிருந்தால் முதலில் அவை. பிறகு நாட்டைப் பொறுத்து ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, மஞ்சள் காய்ச்சல், வெறிநாய்க்கடி. மஞ்சள் காய்ச்சல் சான்று ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகிறது. மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே அடுத்த நாடு இந்தச் சான்றைக் கேட்கக்கூடும்.

மலேரியா உள்ள இடமென்றால் மாத்திரை அளவு எடையைப் பொறுத்தது. அன்றே எடை பார்க்கச் சொல்லுங்கள், போன வருட எடை உதவாது. அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாளும், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரமும் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

விலங்குக் கடி பற்றி ஒரு விஷயத்தைப் பிள்ளையின் மனதில் பதிய வையுங்கள். நாய், பூனை, குரங்கு, வௌவால் எதுவாக இருந்தாலும் கடித்தாலோ கீறினாலோ, சின்னக் கீறலாக இருந்தாலும், 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ‘தொடாதே என்று சொல்லியும் தொட்டாயே’ என்ற திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் மறைக்கிறார்கள். யாரும் திட்ட மாட்டார்கள் என்று கிளம்பும் முன்பே வாக்குக் கொடுங்கள்.

கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எபிநெஃப்ரின் என்ற அவசர ஊசி இரண்டு வேண்டும். ஒன்று போட்டும் குறையாவிட்டால் சில நிமிடங்களில் இரண்டாவது தேவைப்படும். போகும் நாட்டு மொழியில் ‘இதைச் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்று எழுதிய அட்டையைப் பிள்ளையும் பொறுப்பாளரும் ஆளுக்கொன்று வைத்திருக்கட்டும். மருந்துகள் எல்லாம் மூலப் பெட்டியிலேயே, மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஐந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஆம்ஃபெட்டமின் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் மருத்துவர் கடிதம் இருந்தாலும் கொண்டுபோக முடியாது. எனவே உங்கள் மருந்தின் வேதிப்பெயரை அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

பையில் என்ன?

பையைப் பிள்ளையே தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற வேண்டும். முடியாவிட்டால் பொருளைக் குறையுங்கள். சட்டை ஐந்து, காற்சட்டை மூன்று, உள்ளாடையும் காலுறையும் ஏழு ஏழு இருந்தால் மூன்று வாரத்துக்குப் போதும், துவைத்துப் போடலாம். ஜீன்ஸ் காயவே காயாது. மூடிய காலணி ஒன்று, செருப்பு ஒன்று. புதிய காலணியை மூன்று வாரம் முன்பிருந்தே போட்டு நடக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டாவது நாளே கொப்புளம்.

பிள்ளையின் கை அளவுக்கேற்ற வேலைக் கையுறையை வீட்டிலிருந்தே வாங்கி அனுப்புங்கள். அங்கே கிடைப்பது பெரியவர்கள் அளவு. கழன்று கழன்று விழுவதால் பிள்ளைகள் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையோடு வேலை செய்கிறார்கள். தொப்பி, மழை அங்கி, ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பி, நெற்றி விளக்கு ஆகியவையும் வேண்டும். ஆமைத் திட்டம் என்றால் சிவப்பு ஒளி உள்ள விளக்கு. முதலில் வெயில் களிம்பு, அது ஊறிய பிறகு கொசு விரட்டி. வெயில் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

கோடை என்றதும் வெயிலை மட்டும் நினைத்துப் பை கட்டாதீர்கள். பூமத்தியரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம். பெருவின் குஸ்கோ நகரம் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அப்போது இரவில் நல்ல குளிர். அத்தனை உயரத்துக்குப் போகும் திட்டம் என்றால் முதல் இரண்டு நாள் வேலையில்லாமல் உடம்பு பழக விட்டிருக்கிறார்களா என்று அட்டவணையில் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மாதவிடாய் தொடங்காவிட்டாலும் நாப்கின், மாற்று உள்ளாடை, கருப்புப் பை ஆகியவற்றைச் சிறு பையில் போட்டுக் கொடுங்கள். எப்படிப் பயன்படுத்துவது, எந்தப் பொறுப்பாளரிடம் சொல்வது என்றும் பேசிவிடுங்கள். இந்த வயதில் முதல் மாதவிடாய் பயணத்திலேயே வருவது சாதாரணம்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-அவருக்குள். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-அவர் என்பதால் பிரச்சினையில்லை. திரவங்கள் 100 மில்லிக்கு மேற்படாத குப்பிகளில். பெரிய பை வந்து சேராமல் போகலாம் என்பதால் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும்.

போகும் இடத்தோடு பழகுதல்

கடைசி இரண்டு மாதம் அந்த மொழியில் 25 சொற்றொடர் பழகினால் போதும். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், தண்ணீர், கழிப்பறை எங்கே, எனக்கு உடம்பு சரியில்லை, இது வேண்டாம், உங்கள் பெயர் என்ன, ஒன்று முதல் இருபது வரை எண்கள். உச்சரிப்பு தவறினாலும் பரவாயில்லை. முயற்சி செய்யும் பிள்ளையோடு அங்குள்ளவர்கள் தாமாகவே பேச்சுக் கொடுப்பார்கள்.

படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். சிறு குழந்தைகள் என்றால் அவர்களின் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். சரி என்று சொன்னாலும் இணையத்தில் போட வேண்டாம். தெருவில் குழந்தைகளுக்கு மிட்டாயும் பேனாவும் வாரி வழங்கும் பழக்கம், அவர்களைப் பயணிகளின் பின்னால் ஓட வைக்கிறது. கொடுக்க விரும்பினால் என்ன தேவை என்று பள்ளியிடம் முன்பே கேட்டு, அங்கேயே கொடுங்கள். தங்கும் குடும்பத்துக்கு உங்கள் ஊர்ப் படங்கள் கொஞ்சமும் ஒரு விளையாட்டும் கொண்டு போனால், மொழி தெரியாத முதல் இரவு நல்லபடியாகக் கழியும்.

தொலைபேசியும் வீட்டு ஏக்கமும்

பல திட்டங்களில் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் கொடுப்பார்கள். பெற்றோருக்கு இது கடினம், பிள்ளைக்கு நல்லது. ஏக்கம் முதல் சில நாட்களில், அதுவும் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் முன்பும்தான் அதிகம் வரும். அந்த நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டால் அடங்கியிருந்த அழுகையும் வெடிக்கும். பேசுவதென்றால் பகல் வேளை நல்லது.

‘பிடிக்கவில்லை என்றால் சொல், வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான், ஆனால் பிள்ளைக்கு அது ‘உன்னால் முடியாது என்று நினைக்கிறேன்’ என்றே கேட்கும். சமாளிக்க முயலாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும். அதற்குப் பதிலாக, ‘ஏக்கம் வரும், எல்லோருக்கும் வரும். வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டு, பிள்ளையே மூன்று வழி சொல்லட்டும். நாட்குறிப்பு எழுதுவது, பக்கத்துப் படுக்கைப் பிள்ளையோடு பேசுவது, பொறுப்பாளரிடம் சொல்வது, எதுவானாலும் சரி. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினொன்றாம் நாள் பிரிக்கவென்று மூன்று கடிதம் எழுதிப் பையில் வையுங்கள். ‘நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது’ என்ற வரி அதில் வேண்டாம்.

ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. சாப்பிடாமலும் தூங்காமலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அல்லது ஒரு பெரியவரைக் கண்டு பிள்ளை பயப்படுவதாகத் தெரிந்தால் ஒருங்கிணைப்பாளரை அன்றே கூப்பிடுங்கள். பிள்ளையும் நீங்களும் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போதும் அந்தச் சொல்லைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அங்கே அடிக்கடி நடப்பவை

வயிற்றுப்போக்கு குழுவில் ஒருவருக்காவது வரும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள், கலக்கும் விதத்தையும் கற்றுக்கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கேடு. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பல் துலக்கவும் காய்ச்சிய அல்லது குப்பித் தண்ணீர்தான் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். பனிக்கட்டியும் அதே குழாய்த் தண்ணீர்தான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையப் புகார், பிறகு தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம். பாஸ்போர்ட் நகலும் இரண்டு புகைப்படமும் பொறுப்பாளரிடம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். தூதரகம் வேறு நகரத்தில் இருந்தால் குழுவிலிருந்து ஒரு பெரியவர் பிரிய வேண்டிவரும். குறைந்தது இருவர் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

ஐந்தாறாம் நாள் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். களைப்பும் நெருக்கமும் சேர்ந்தால் அப்படித்தான். நல்ல திட்டத்தில் ஒவ்வொரு மாலையும் வட்டமாக உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார்கள்: இன்று என்ன செய்தோம், எது புரியவில்லை, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘ஏன் அவர்களிடம் இது இல்லை? ஏன் நம்மிடம் அது இல்லை?’ என்ற கேள்விகளெல்லாம் இங்கேதான் எழும். அட்டவணையில் இந்த அரைமணி நேரம் இல்லாத திட்டத்தில், பார்த்ததையும் செய்ததையும் பற்றி யோசிக்கவே பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்காது.

திரும்பி வந்த பிறகு

முதல் இரண்டு நாள் தூங்கவும் சாப்பிடவும் விடுங்கள். கேள்விகளை அடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, படங்களைச் சேர்ந்து பார்க்கும்போது பேச்சு தானாக வரும். சில பிள்ளைகள் வீட்டிலுள்ள பொருட்களைப் பார்த்து எரிச்சல்படுவார்கள், அல்லது அங்கே பழகியவர்களை நினைத்து அழுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அங்குள்ள குடும்பத்துக்கோ பள்ளிக்கோ பிள்ளையே ஒரு கடிதம் எழுதட்டும். ‘திரும்ப வருகிறேன்’ என்று எழுத வேண்டாம், வர முடிந்தால் மட்டும் அப்படி எழுதலாம்.

பள்ளியில் சேவை நேரக் கணக்கு கேட்டால், நடத்துபவர்களிடம் கையெழுத்துச் சான்றை ஒரு மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் அந்தப் பருவப் பொறுப்பாளர்கள் வேலை மாறிப் போயிருப்பார்கள். குறையும் நிறையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வருடக் குழுவின் பெற்றோர் உங்களை அழைக்கலாம் என்று அனுமதியும் கொடுங்கள்.

மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காக எடுத்திருந்தாலும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போய் வந்தார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.